உங்கள் ஊரில் எத்தனை சைக்கிள்?

கனடாவில் ஹாலிஃபாக்ஸுக்கு வந்த புதிதில் எனக்குக் குளிர் விசித்திரமாகப் படவில்லை. அதைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தார்கள். பனியும் அப்படித்தான். யாரும் சொல்லி அனுப்பாத ஒன்று சூப்பர் மார்க்கெட்டில் இருந்தது. பால் எடுக்கப் போன இடத்தில், கூரையில் எங்கோ ஒளிந்திருந்த ஸ்பீக்கரில் பழைய ராக் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் தேயத் தேயப் போட்ட பாட்டு, எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் பாடுகிறவனை யாரோ பின்னாலிருந்து விரட்டுவதுபோல் இருந்தது. டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு பஸ் போய்விடுமோ என்ற அவசரம். குரலும் எனக்குத் தெரிந்த குரலைவிட மெலிந்து, கீச்சென்றிருந்தது. பால் டப்பாவைக் கையில் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை குளிர்பெட்டியின் முன்னால் நின்றேன்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: இந்த நாட்டில் பாட்டுக்கும் அவசரம். வெளிநாட்டில் வாழ்கிற நம்மவர்களுக்கு இந்த வியாதி உண்டு, உங்களில் பலருக்கும் இருக்கும். ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டின் குணத்தையே எழுதிவிடுவோம். நான் எழுதியதோடு நிற்கவில்லை, மேடையிலும் பேசினேன். இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவில், "நாம் பாட்டை உட்கார்ந்து கேட்கிறோம், இவர்கள் பாட்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்" என்று சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கொள்கையோடு நிம்மதியாக வாழ்ந்தேன். அதைப் போன மாதம் ஒரு சைக்கிள் வந்து இடித்துத் தள்ளியது.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் தொழில். காய்கறி, கறி, முட்டை, சோப்பு, கயிறு என்று கப்பல்காரர்கள் எது கேட்டாலும் ஏற்றிவிடுவார். ஒரு முறை கோதுமை கொண்டு வந்த அமெரிக்கக் கப்பலின் சமையல்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அப்பா கொடுத்த பெரிய வலம்புரிச் சங்குக்குப் பதில் மரியாதையாக, பெட்டி போல மூடும் ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ராக் இசைத்தட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார். அது உண்மையில் வலம்புரியே இல்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், அது வேறு கதை. பிளேயர் வீட்டுக்கு வந்ததும் அப்பா சும்மா செருகிவிடவில்லை. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நூத்திப்பத்து வோல்ட்டு மிஷினு. நம்ம கரண்ட நேராக் குடுத்தாக் கருகிரும். நடுவுல ஒரு டிரான்ஸ்பார்மர் வச்சாப் போதும், ஆயுசுக்கும் ஓடும்" என்றார். செங்கல் பருமனில் ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தது. அது எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்கு மேல்தான் எங்கள் பாட்டு. அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை, ஆயுசுக்கும் ஓடியது.

எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத், கிறிஸ்தவக் குடும்பம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். கோயிலில் ஞானப்பாட்டு, வீட்டில் ஜெபம், அதற்கு நடுவில் இந்த மின்சாரக் கிதார் அலறல். "இந்தப் பேயாட்டத்த அணைங்கலே" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வரும். அப்பா ஒலியைக் குறைப்பாரே தவிர அணைக்க மாட்டார். எப்போதாவது கொழும்பிலிருந்து வரும் ரேடியோவில் அதே பாட்டைக் கேட்போம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எங்களுக்கு அதுதான் தெளிவாகக் கேட்கும். அதில் பாட்டு எங்கள் வீட்டில் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "கொழும்புக்காரன் வெளம்பரத்துக்கு நேரம் பத்தலன்னு பாட்ட வெரட்டுதான்" என்பார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். ஏமாற்றாத பாட்டு எங்கள் வீட்டில் மட்டும்தான் கிடைக்கிறது என்று எனக்கு அப்போது ஒரே பெருமை.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், எனக்கு இப்போது பைத்தியம் பிடித்திருக்கிறது. இசைத்தட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் பைத்தியம். ஏனோதானோவென்று மாற்றுவதில்லை. தட்டின் பள்ளத்துக்குள் என்ன இருக்கிறதோ அதில் ஒரு துளியும் சிந்தாமல் எடுக்க வேண்டும். நான் வேலை செய்வது மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே கற்ற சுத்தமும் பிடிவாதமும் வீட்டில் இதற்குப் பயன்படுகின்றன. தட்டைச் சுழற்றும் நல்ல டர்ன்டேபிள் ஒன்று, வைரமுனை ஊசி ஒன்று, ஊசியின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி ஒன்று, அதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் பெட்டி இன்னொன்று. ஊசி தட்டின் மேல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சின்னத் தராசு வைத்து நிறுக்கிறேன். "தங்கக் கடையில்கூட இப்படி நிறுத்துப் பார்க்க மாட்டார்கள்" என்பது என் கணவரின் கிண்டல். கிண்டல் பண்ணுகிறவர் போன கிறிஸ்துமஸுக்கு அதே தராசை விலை உயர்ந்ததாக வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்ற டிசம்பரில் ஊருக்குப் போனபோது அப்பாவின் தட்டுகளை எடுத்து வந்தேன். அவை சாம் அண்ணன் வீட்டில் இருந்தன. அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ரொம்ப காலமாக வேலை பார்க்கிறான். தட்டுகளை எடுத்துக் கொடுக்கும்போது ஒன்றைக்கூட உறையிலிருந்து உருவிப் பார்க்கவில்லை. "பிளேயரையும் தூக்கிட்டுப் போளா, இங்கன தூசிதான் அடையுது" என்றான். நானும் தூக்கி வந்தேன். டிரான்ஸ்பார்மரை மட்டும் விட்டுவிட்டேன். அந்த எடையை விமானத்தில் ஏற்றினால் நான் இறங்க வேண்டியதுதான்.

முதல் தட்டைக் கழுவியதை நான் மறக்க மாட்டேன். முதல் அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவேன். மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து எடுத்தபோது தண்ணீர் கலங்கி வந்தது. என்ன தோன்றியதோ, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது! உப்பளக் காற்று அத்தனை வருடமும் அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் செய்யக்கூடிய காரியமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊரை நாக்கால் தொட்டுவிட்ட சந்தோஷம் அது. மறுபடி மறுபடி அலசி, உப்பு போன பிறகு ஊசியை இறக்கினேன். அடடா! டிரான்ஸ்பார்மர் உறுமலுக்கு அடியில் புதைந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. பாடகன் வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கிறான். கிதார் கம்பியில் விரல் சறுக்குகிறது. பாட்டு முடிந்ததும் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த நாற்காலியை நான் கேட்டதே இல்லையே என்று இருந்தது. அண்ணனுக்கு மிகவும் பிடித்த பாட்டை முதலில் எடுத்து, ஒவ்வொரு சொடுக்குச் சத்தத்தையும் கையாலேயே நீக்கி, அவனுக்கு அனுப்பினேன்.

பதில் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது. "ஏளா, சத்தமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, கொற சொல்ல முடியாது. ஆனா ஓடுதே! கொழும்பு ரேடியோ மாதிரில்லா வெரட்டுது. ஒன் மிஷினு வேகமாச் சுத்துது, பாத்துக்கோ. நம்ம பாட்டு இங்கன இருந்துல்லா தொடங்கும்..." என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தொடக்க கிதார் வரியை வாயாலேயே முனகிக் காட்டியிருந்தான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேகத்தைச் சரிபார்க்கக் கோடுகள் போட்ட ஒரு வட்டு உண்டு. சுற்றும்போது அதன் மேல் துடிக்கும் விளக்கைக் காட்டினால் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். என் மிஷினில் அவை ஆணி அடித்ததுபோல் நின்றன. உடனே கூப்பிட்டேன். "அண்ணே, இது அளந்து வச்ச மிஷினு. ஒன் ஞாபகந்தான் மெதுவாயிட்டு" என்றேன். அண்ணன் சண்டை போடவில்லை. கொஞ்சம் சிரித்தான். "சரிளா. எனக்குத்தான் காது கெடையாதே. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் கிதார் வாசித்தவன். யாரிடமும் கற்கவில்லை. பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் வரும் சத்தத்துக்குக் கம்பியைத் திருகி, விரல் கொப்புளிக்க வாசித்து வாசித்துப் பிடித்துக்கொண்டான். அம்மா கிதாரைக் கோயிலுக்குள் விடமாட்டாள் என்பதால் அவனுக்குத் துணை வாத்தியம் அந்தத் தட்டு மட்டும்தான். தட்டில் இருக்கும் கிதாரா அண்ணன் கிதாரா என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒட்டி ஓடும். நான் கதவில் சாய்ந்துகொண்டு கேட்பேன். படிப்பு முடிந்ததும், சென்னையில் பெரிய ஹோட்டலில் ஆங்கிலப் பாட்டு வாசிக்கும் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். போகும்போது அப்பா புது ஷூ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்த அன்று நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னான். அவன் கிதாரை வாங்கிப் பார்த்த குழுத் தலைவர், "இதென்ன, துணி காயப்போடுகிற கொடியா? கம்பி இப்படித் தொங்குகிறது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அவர்கள் சுருதிக்கு முறுக்கச் சொன்னதும் முதல் கம்பியே அறுந்துவிட்டது. வேறு கிதார் கொடுத்து, இவனுக்கு மிகவும் தெரிந்த அதே பாட்டை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வேகமாகப் போக, இவன் ஒவ்வொரு வரியிலும் பின்தங்கியிருக்கிறான். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அந்த மனிதர், "தம்பி, தப்பாக நினைக்காதே. உனக்குக் காதும் இல்லை, தாளமும் இல்லை. வேறு வேலை பார்" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன் வேறு வேலை பார்த்தான். கிதார் யாருக்கோ போயிற்று. அதன் பிறகு அவன் பாடி நான் கேட்டதில்லை. கோயிலில்கூட உதட்டை அசைப்பானே தவிர சத்தம் வராது. கல்யாண வீட்டில் யாராவது கச்சேரியைப் பற்றிக் கருத்துக் கேட்டால், "எனக்குக் காது கெடையாதுங்கேன்" என்று மற்றவர்களுக்கு முன்னால் தானே சிரித்துவிடுவான். எதிலும் நம்பிக்கை இல்லாதவனாக ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், ஆபீசில் அவன் இல்லாமல் ஒரு கண்டெய்னரும் நகராது. ஆனால் தனக்குப் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவே அவனுக்குத் தயக்கம். எனக்கு அந்தக் குழுத் தலைவர் மேல் இன்றும் ஆத்திரம் உண்டு.

ஆகவே அண்ணன் சிரித்த அந்தச் சனிக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் சொன்னதையும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவோம் என்று பழைய பிளேயரை எடுத்தேன். இந்த நாட்டில் மின்சாரம் நூற்றுப்பத்தை ஒட்டித்தான், டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. நேராகச் செருகினேன். உறுமல் இல்லாமல் அமைதியாகச் சுற்றியது. ஊசியை வைத்தேன். பாட்டு ஓடியது! என் புது மிஷின் போலவே, சூப்பர் மார்க்கெட் போலவே, கொழும்பு ரேடியோ போலவே ஓடியது. அப்பாவின் பிளேயரில் இந்தப் பாட்டை இப்படி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிரயாணத்தில் மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைத் தூக்கிக்கொண்டு இங்குள்ள துறைமுகத்தெருவில் இருக்கும் பழைய ஆடியோ சாமான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் க்ரெக், என் வயதுக்காரர். அவரிடம்தான் ஊசி வாங்குவேன். இந்த ஊர்க்காரர்களின் கிழக்குக்கரை ஆங்கிலம் வாயைத் திறக்காமலே வரும், இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பாதி ஊகம்தான்.

"பிளேயர் வேகமாக ஓடுகிறது" என்றேன். அவர் ஒரு தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாகத்தானே ஓடுகிறது" என்றார். "இல்லை, இந்தியாவில் எங்கள் வீட்டில் மெதுவாக ஓடியது" என்றேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "உங்கள் ஊரில் எத்தனை சைக்கிள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் ஊரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "நிறைய" என்றேன். "நிறைய என்றால்?" என்றார். "யார் எண்ணினார்கள்? வீட்டுக்கு ஒன்று. துறைமுகம், உப்பளம் என்று எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள். இப்போது மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது" என்றேன். க்ரெக் என்னையும் பிளேயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அருமையான ஊராக இருக்கும்போல" என்றார். எனக்கும் திருப்தியாக இருந்தது. பிளேயரில் கோளாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைக்கும்போது கை நழுவிச் சாய்ந்தது. அடிப்பக்கம் ஒரு சின்னத் தகடு கண்ணில் பட்டது. துருவைத் துடைத்துவிட்டுப் படித்தேன். 115 வோல்ட், 60 சைக்கிள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு நொடிக்குள் எத்தனை முறை முன்னும் பின்னும் போய் வருகிறதோ, அதைத்தான் அந்தக் காலத்தில் சைக்கிள் என்று சொன்னார்கள். நாம் இப்போது ஹெர்ட்ஸ் என்கிறோம். இந்த மாதிரிப் பழைய மோட்டார் அந்தப் போக்குவரத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது அறுபது. தூத்துக்குடியில் ஐம்பது! அண்ணாச்சி வோல்ட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்க்கவில்லை. டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தின் பலத்தைக் குறைத்ததே தவிர, அதன் நடையை மாற்றவில்லை. எங்கள் பிளேயர் வாழ்நாள் முழுக்க ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றியிருக்கிறது. கொழும்புக்காரன் பாட்டை விரட்டவே இல்லை. கனடாவும் விரட்டவில்லை. மெதுவாக ஓடியது எங்கள் வீடுதான்.

மெதுவாகச் சுற்றினால் வேகம் மட்டும் குறையாது, சுருதியும் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டேன். கிதாரின் கழுத்தில் குறுக்கே கம்பிக் கட்டுகள் இருக்குமே, அதில் மூன்று கட்டு, கொஞ்சம் கூடவே. அவ்வளவு கீழே இறக்கிச் சுருதி சேர்த்தால் கம்பி தொங்கத்தானே செய்யும்! துணிக்கொடி போலத்தானே ஆடும்! உடனே நான் எடுத்திருந்த கோப்பைக் கணினியில் ஆறில் ஐந்தாக இறக்கினேன். ஸ்பீக்கரில் ஏழெட்டு நொடி ஓடியதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் பாட்டு! அந்தக் கனத்த குரல், அவசரமே இல்லாத டிரம்ஸ். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. அண்ணன் முனகி அனுப்பிய அந்தக் குரல் பதிவை எடுத்து, இறக்கிய பாட்டின் மேல் வைத்தேன். திரையில் இரண்டின் சுருதியையும் அளந்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. இத்தனை வருடம் பாடாத வாயால், போகிற போக்கில் முனகியது. அது அப்பாவின் பிளேயர் சுற்றிய அதே இடத்தில் வந்து அச்சாக உட்கார்ந்தது. அளவும் அதுதான், நடையும் அதுதான். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். என் கணவர் மாடியிலிருந்து ஏதோ உடைந்துவிட்டதென்று ஓடி வந்தார்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி. அவன் அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "கரண்டு கரண்டுதானளா, அதுல என்ன நட?" என்றான் முதலில். மறுபடி சொன்னேன். தகட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் முனகலும் பாட்டும் ஒன்றாக ஓடுவதைக் கேட்க வைத்தேன். அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "கேட்டியாண்ணே?" என்றேன்.

"கேட்டேன்ளா" என்றான். பிறகு ரொம்ப மெதுவாக, "அப்பம் எனக்குக் காது இருக்குங்கியா?" என்று கேட்டான்.

"ஒன்ன மாதிரி காது யாருக்குண்ணே இருக்கு? தட்டு எப்படிச் சொல்லிச்சோ அப்படியே வாங்கி வச்சிருக்கு. தப்பு மிஷின்ல. ஒன் மேல ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"இத்தன வருசம்ளா" என்றான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இரு, மதினிகிட்ட குடுக்கேன். அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்று போனைக் கொடுத்துவிட்டான். மதினியிடம் மறுபடி அமெரிக்கா, கரண்ட், சைக்கிள் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. "அப்பம் உங்க அண்ணன் மேல தப்பில்ல, அவ்வளவுதான?" என்று கேட்டாள். "அவ்வளவுதான் மதினி" என்றேன். "அத நான் கட்டிக்கிட்ட நாள்லருந்து சொல்லுதேன்" என்றாள்.

அண்ணன் மறுபடி போனை வாங்கினான். இப்போது குரல் தெளிந்திருந்தது. "அப்பம் அந்தப் பாட்ட எழுதுனவன் நெசமாவே அந்த ஓட்டத்துலதான் பாடுனானா?" என்று கேட்டான். "ஆமாண்ணே" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "பாவம்" என்றான். "அவனுக்கு நம்ம பாட்டு கெடைக்கவே இல்லல்லா?" என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

இப்போது எனக்குப் பெரிய சிக்கல். இந்தப் பைத்தியத்தில் ஊறியவர்களின் சட்டம் ஒன்று உண்டு: பாடியவன் எப்படிப் பாடினானோ அப்படியே எடுக்க வேண்டும், அதுதான் உயர்ந்த தரம். நானும் அதை மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்த பாட்டுக்கு வேறு தரம் கிடையாதா? அதைக் கேட்டுத்தான் அண்ணன் விரல் கொப்புளித்தது. ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கோப்பு எடுக்கிறேன். ஒன்றின் பெயரில் ஹாலிஃபாக்ஸ் என்று போட்டிருக்கிறேன், இன்னொன்றில் தூத்துக்குடி என்று. இரண்டுக்கும் அதே கழுவல், அதே தராசு, அதே கவனம். தூத்துக்குடிக் கோப்பைக் கேட்டுவிட்டு அண்ணன் ஒரே ஒரு குறை சொன்னான், "டிரான்ஸ்பார்மர் உறுமலக் காணோமே." "உறுமல் வேணும்னா மதினியக் கிரைண்டர ஓடவிடச் சொல்லிட்டுக் கேளு" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கிறதல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை மதினி கூப்பிட்டாள். "என்னளா செஞ்ச உங்க அண்ணன? இன்னைக்குக் கோயில்ல மூணு பெஞ்சுக்குக் கேக்க ஞானப்பாட்டுப் பாடுதாவ. பாதிரி ஐயரே திரும்பிப் பாத்தாரு" என்றாள். புகார் சொல்வதுபோல் சொன்னாள், ஆனால் குரல் முழுக்கச் சிரிப்பு. பாடகர் குழுப் பிள்ளைகளிடம் அண்ணன் ஒரு கிதாரை இரவல் கேட்டு வாங்கி வந்திருக்கிறானாம். அவர்கள் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் கம்பிகளையெல்லாம் தளர்த்தி விட்டானாம்.

இரண்டு நாள் கழித்து ஒரு பதிவு வந்தது. தூத்துக்குடிக் கோப்பை ஓடவிட்டு, அதோடு அண்ணன் கிதார் வாசித்திருந்தான். விரல் பழைய வேகத்தில் இல்லை, இரண்டொரு இடத்தில் தடுமாறுகிறது. கம்பி தொளதொளவென்று அதிர்கிறது. எனக்கு உலகத்தில் அதைவிட நல்ல ஒலி இல்லை. காலையில் வேலைக்குப் போகும் முன், இடது ஸ்பீக்கரில் ஹாலிஃபாக்ஸ் பாட்டையும் வலது ஸ்பீக்கரில் அண்ணன் அனுப்பியதையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் அடியிலேயே இரண்டும் முட்டிக்கொண்டன. சகிக்க முடியாத சத்தம். என் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் அணைக்கவில்லை. இடது பக்கம் முன்னால் ஓட, வலது பக்கம் பின்தங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் இடது பக்கத்தில் பாட்டு முடிந்து, யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அதன் பிறகு அங்கே ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் அண்ணன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.